சாம்பார்க் கிண்ணம் போன பக்கம்

"சார், ஆள் போலின்னு தெரிஞ்சுட்டா, அவன் தின்ன இட்லிக்கும் நாமதான் பில் கட்டணுமா?"

கவியரசனுக்கு வாய் எப்போதும் ஸ்கூட்டருக்கு முன்னால் போகும். அல்சூர் மார்க்கெட் நெரிசலில் வண்டிக்கு இன்னும் ஸ்டாண்டு கூடப் போடவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

"நீ திங்கப்போறதை நினைச்சே எனக்கு வயிறு கலங்குது. அவன் ரெண்டு இட்லியில என்ன குறைஞ்சுடப் போகுது?" என்றார் பெருமாள்சாமி.

"என் வயித்துல அடிக்காதீங்க சார். இன்னிக்கு என் நாக்குதான் சாட்சி. சாட்சியைப் பட்டினி போட்டா கோர்ட்டுல நிக்காது."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அது எவ்வளவு நிஜம் என்று அவனுக்கே தெரியாது. அந்த நிஜத்தைப் பெருமாள்சாமி இரண்டு வருடமாக யாரிடமும் மூச்சு விடவில்லை.

பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அவருடைய துப்பறியும் ஆபீஸ். மேலே ஏறி வருகிற ஒவ்வொருவரும், "ஆஹா, என்ன வாசனை சார் உங்க ஆபீஸ்ல!" என்பார்கள். அவரும் தலையாட்டுவார். பீன்யாவில் ஒரு திருடனைத் துரத்தியபோது மணலில் ஸ்கூட்டர் சறுக்கி, பின்மண்டை ரோட்டில் மோதியது. தையல் பிரித்த டாக்டர், "பெரும்பாலும் மூக்கு மட்டும்தான் போகும். எப்பவாவது ஒருத்தருக்கு நாக்கும் சேர்ந்து போகும். நீங்க அந்த ஒருத்தர்," என்று லாட்டரி விழுந்தமாதிரி சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவருக்குப் பன்னும் பஞ்சும் ஒன்று. உப்பு, புளிப்பு, இனிப்பு, எதுவும் இல்லை. சோறு என்றால் மென்று விழுங்கி வேலையை முடிக்க வேண்டிய ஒரு பொருள், அவ்வளவுதான். நாக்கோடு சேர்ந்து மற்றதும் மெல்ல மரத்துப்போயிற்று. கோபம் வருவதில்லை. கேஸ் ஜெயித்தாலும் சந்தோஷம் வருவதில்லை. ஜெயித்தது என்று தெரியும், பணம் வரும், மறுநாள் விடியும்.

சாப்பாட்டில் மட்டும் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். கவியரசன் முதல் வாய் வைக்கும்வரை காத்திருந்து, அவன் முகத்தைப் பார்த்து, அதற்குத் தகுந்தமாதிரி, "ம், பரவாயில்லை," என்றோ, "உப்பு தூக்கல்," என்றோ சொல்லிவிடுவார். பயல் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. துப்பறியும் ஆபீஸில் அசிஸ்டெண்ட்!

இருவரும் ஸ்ரீ வரதராஜ பவனுக்குள் நுழைந்தார்கள். அல்சூரின் பழைய உடுப்பி ஓட்டல். சுவர் முழுக்கக் கண்ணாடி, மார்பிள் மேஜைகள், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், உள்ளே மரத்தடுப்பு வைத்த ஃபேமிலி ரூம். அந்த அரைக்கதவுக்குப் பின்னால் மங்களம் உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்த்த பெருமாள்சாமியிடம், "வந்துட்டீங்களா சார்," என்றாள். பஸ் நம்பர் கேட்கிற குரல்.

போன வாரம் ஆபீசுக்கு வந்தபோதும் இதே குரல்தான். பீன்யாவில் ஒரு கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் தையல் வேலை. முப்பது வயதுகூட ஆகவில்லை. முகத்தில் மட்டும் ஒரு அசைவும் இல்லை.

"தொண்ணூத்தொண்ணு காவேரி கலாட்டாவுல எங்க தெருவே லாரியேறி ஓசூர் பக்கம் ஓடுச்சு சார். முன் லாரியில நாங்க. பின் லாரியில பக்கத்து வீட்டுக்காரங்களோட என் தம்பி தினேஷ். எட்டு வயசு. பார்டர் தாண்டி எறங்கறப்போ அவன் இல்லை. எங்க விழுந்தான்னு யாருக்கும் தெரியலை. தேடித்தேடி அப்பா போயிட்டாரு, அப்புறம் அம்மாவும். நான் வருஷா வருஷம் ஓசூர், கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுல நோட்டீஸ் ஒட்டறேன். பன்னெண்டு வருஷம் ஆச்சு. நோட்டீசைப் படிச்சுட்டு ரெண்டு பேர் வந்தானுங்க. முதல்ல வந்தவனைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதேன். என் கம்மலோட போயிட்டான். ரெண்டாவது ஆளுக்குக் கொஞ்சம்தான் அழுதேன். இப்போ மூணாவதா ஒருத்தன் வந்து வாசல்ல நிக்கறான். பார்த்தேன் சார். ஒண்ணுமே தோணலை."

"டி.என்.ஏ. டெஸ்ட்னு ஒண்ணு..." என்று கவியரசன் இழுத்தான்.

"அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லை. என்னை வெச்சுப் பார்த்தா உறுதியாச் சொல்ல முடியாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க."

"நீங்க பயப்படறது எதுக்கு?" என்று பெருமாள்சாமி கேட்டார்.

"பொய்யானவனை ஏத்துக்கிட்டா நோட்டீஸ் ஒட்டறதை நிறுத்திடுவேன். நிஜமானவன் எங்கியோ இருந்தா அவனைத் தேட நாதி இல்லை. நிஜமானவனைப் பொய்யின்னு அனுப்பிட்டா..." அப்போதும் அழவில்லை.

நோட்டீசில் எழுதாத ஒரே ஒரு விஷயம் அவளிடம் இருந்தது. சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா இருவரையும் வரதராஜ பவனுக்கு அழைத்து வருவார். வீட்டில் வேலூர் பக்கத்துக் காரக் குழம்பு சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை. இங்கே வெல்லம் போட்ட பெங்களூர் சாம்பார். தம்பிக்கு அது ஆகவே ஆகாது. வாயில் பட்டதும் துப்பிவிடுவான். ஓட்டலில் பழைய சமையல்காரரின் மகன்தான் இப்போது அடுப்படியில். சாம்பார் துளியும் மாறவில்லை.

ஆகவே திட்டம் ரொம்ப எளிது. வந்தவனை இட்லி சாப்பிடக் கூட்டி வருவது, சாம்பார் வாயில் பட்டதும் முகத்தைப் பார்ப்பது.

"நிஜம்னா என் செல்லுக்குப் போன் போடுங்க, எடுக்கறேன்," என்று மங்களம் சொல்லியிருந்தாள். "பொய்யினா ஒரு மிஸ்டு கால் போதும். பின்பக்கமா போயிடறேன். மறுபடி அவன் மூஞ்சியைப் பார்க்கிற தெம்பு இல்லை."

தினேஷ் சரியான நேரத்துக்கு வந்தான். இருபது வயது, ஒல்லி உடம்பு, முழங்கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள். கிருஷ்ணகிரியில் ஒரு மெஸ்ஸில் சமையல்காரன். தேங்காய் லாரிக்காரர் ஒருவர் ரோட்டோரம் கிடந்தவனைத் தூக்கிப்போய் அந்த மெஸ்காரரிடம் விட்டாராம். பேர்கூட மாசக்கணக்கில் ஞாபகம் வரவில்லையாம். ஊர் ஞாபகம் வந்து பெரியவனாகித் தேடி வந்தபோது வீடே மாறிவிட்டதாம். எப்போதும் அடுப்படியிலேயே கிடந்ததால் நோட்டீசை இந்த வருடம்தான் யாரோ காட்டினார்களாம். எல்லாம் 'ஆம்' கதை. இதில் எதையும் பிடித்துத் தொங்க முடியாது.

"வணக்கம் சார். அக்கா வரலீங்களா?"

"நாங்க அவங்க சார்பா வந்திருக்கோம். உக்காரு தம்பி."

தினேஷும் பெருமாள்சாமியும் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். பெருமாள்சாமிக்கு எதிரே கவியரசன். தினேஷுக்கு எதிரே இருந்த நாற்காலியில் கவியரசனின் ஹெல்மெட் அமர்ந்தது. எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் தினேஷின் முகம் பெருமாள்சாமிக்குப் பளிச்சென்று தெரிந்தது. அதற்காகவே அந்த மேஜை.

"ஏனு பேக்கு சார், என்ன வேணும்?" என்று வந்து நின்றார் சர்வர் கிருஷ்ணப்பா.

"எல்லாருக்கும் இட்லி வடை. சாம்பார் தனியா, கிண்ணத்துல," என்றான் கவியரசன். "எனக்கு மட்டும் கிண்ணத்தைப் பெரிசாப் பாத்துக் குடுங்க. முடிஞ்சா ஒரு வாளி."

தட்டுகள் வந்தன. கிண்ணங்கள் வந்தன. தினேஷ் தன் சாம்பார்க் கிண்ணத்தை எடுத்தான், எதிர்ப்பக்கமாக நகர்த்தினான். அது மேஜையைக் கடந்து ஹெல்மெட்டின் முன்னால் போய் நின்றது.

"என்ன தம்பி, என் ஹெல்மெட்டுக்கா? அது இன்னிக்கு விரதம்," என்றான் கவியரசன்.

தினேஷ் அசடு வழிந்தான். "தட்டு வைக்க எடம்..." என்று ஏதோ முணுமுணுத்துக் கிண்ணத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டான். இடம் தாராளமாக இருந்தது. புது இடம், பையன் தடுமாறுகிறான் என்று பெருமாள்சாமி அதை அதோடு விட்டுவிட்டார்.

கவியரசன் இட்லியைப் பிட்டு சாம்பாரில் முக்கி வாயில் போட்டான். கண்ணை மூடினான். அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவன், அந்த இனிப்பு சாம்பாருக்குச் சொத்து எழுதி வைப்பான்.

தினேஷும் முக்கினான். வாயில் போட்டான். மென்றான்.

துப்பவில்லை. நெற்றி சுருங்கவில்லை. "சாம்பார் சூப்பரா இருக்கு சார்," என்று சிரித்தான். இன்னொரு துண்டையும் நன்றாக நனைத்துப் போட்டுக்கொண்டான்.

பெருமாள்சாமி அடுத்த இட்லிக்காகக் காத்திருந்தார். அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை. கிருஷ்ணப்பா வந்து இரண்டாம் முறை ஊற்றியபோது பையன், "போடுங்க, போடுங்க," என்றான்.

முடிந்தது கதை. வெளியூரில் பன்னிரண்டு வருடம் வாழ்ந்தவன் என்று சொல்லிக்கொள்கிறவன், இனிப்பு சாம்பாரை இந்த ஊர்க்காரன்போலக் குடிக்கிறான். எங்கேயோ பக்கத்தில், சிவாஜி நகரிலோ எங்கோ, யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பிய ஆள். கவியரசன் புருவத்தைத் தூக்கி, 'பார்த்தீங்களா சார்' என்று கண்ணாலேயே கேட்டான். பெருமாள்சாமிக்கு ஏமாற்றம் வரவேண்டும். வரவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே வடையை மென்றார். அது வடை என்பது ஓசையில்தான் தெரிந்தது.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

கவியரசன் சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்து, "ஸ்ஸ்... புளிப்பு!" என்று முகத்தைச் சுளித்தான். கண்ணாடியில் தினேஷின் பார்வை சடக்கென்று கவியரசன் முகத்துக்குப் போனது, ஒரு விநாடி நின்றது, இறங்கியது. அதற்குப் பிறகுதான் அவன் தன் சட்னியைத் தொட்டான். தொட்டுவிட்டு, "ஆமா சார், புளிப்பு ஜாஸ்தி," என்றான்.

பெருமாள்சாமி மெல்லுவதை நிறுத்தினார். எங்கேயோ பார்த்த வித்தை. எங்கே என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருடமாக அவரும்தான் கவியரசன் முகத்தை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்!

தூக்கிவாரிப் போட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு உடம்பு தானாக ஒரு வேலை செய்தது.

"கிருஷ்ணப்பா, மூணு காபி. சக்கரை தனியா," என்றார். "தம்பி, நீ கை கழுவிட்டு வா."

பையன் எழுந்து போனதும் காபி வந்தது. பெருமாள்சாமி மேஜை ஓரத்திலிருந்த உப்புக் கிண்ணத்தை இழுத்து, தினேஷின் டம்ளரில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கினார்.

கவியரசன் வாயைப் பிளந்தான். "சார்! அது உப்பு!"

"தெரியும். நீ உன் காபியில சக்கரை போட்டுக் குடி. குடிச்சுட்டு சொர்க்கத்துக்குப் போன மாதிரி மூஞ்சியை வெச்சுக்கோ."

"போலின்னாலும் மனுஷன் சார் அவன். விஷம் வெக்கிற அளவுக்கு..."

மேஜைக்கு அடியில் ஒரு உதை விழுந்தது. தினேஷ் வந்து உட்கார்ந்தான். கவியரசன் ஒரு வாய் குடித்து, பல்லை எல்லாம் காட்டி இளித்தான். தினேஷ் அந்த இளிப்பைப் பார்த்தான், டம்ளரை எடுத்தான், நிதானமாகக் குடித்தான். பாதி டம்ளர் காலி.

"காபி பிரமாதம் சார்," என்றான்.

கவியரசனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. டம்ளரைப் பிடுங்கி ஒரு சொட்டு வாயில் விட்டான். விட்ட வேகத்தில் கர்ச்சீப்பில் துப்பினான். "யப்பா! கடல் தண்ணி! இதையா பிரமாதம்னே?"

தினேஷின் முகம் வெளுத்துவிட்டது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழப் பார்த்தான். பெருமாள்சாமி அவன் தோளில் கை வைத்து உட்கார வைத்தார். பிறகு அந்த டம்ளரை எடுத்து, மிச்சமிருந்த உப்புக் காபியை மடக் மடக்கென்று குடித்தார். கீழே வைத்தார். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

"எனக்கும் தெரியாது தம்பி," என்றார். "ரெண்டு வருஷமா. பின்மண்டையில அடி. உனக்கு?"

பையன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் நிறைந்துவிட்டது.

"லாரியிலேர்ந்து விழுந்த நாள்லேர்ந்து சார். வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது. தயவு பண்ணி வெளியில சொல்லிடாதீங்க. நாக்கு இல்லாதவனுக்குச் சமையல் வேலை யார் குடுப்பா? மெஸ்காரருக்கே தெரியாது."

"உப்பு புளியெல்லாம் எப்படிப் பார்க்கிறே?"

"முதல் பந்தியில உக்கார்றவங்க மூஞ்சியைப் பார்ப்பேன் சார். முதல் வாய் வைக்கிறப்போ மூஞ்சி மறைக்காது. கூடக் குறைச்சல் இருந்தா ரெண்டாம் பந்திக்குள்ள சரி பண்ணிடுவேன்."

கவியரசன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "ஒரு நிமிஷம். அப்போ போன மாசம் ஆபீஸ்ல நான் கிண்டின உப்புமாவை நல்லா இருக்குன்னு மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டீங்களே?"

"நீ ஆசையாச் சாப்பிட்டே. நானும் சாப்பிட்டேன்."

கவியரசன் கர்ச்சீப்பை மடித்துப் பையில் வைத்தான். ரொம்ப வருத்தமாக ஆகிவிட்டது அவனுக்கு. "சொல்லியிருக்கலாமே சார்," என்று மட்டும் சொன்னான்.

"அதை அப்புறம் பேசுவோம். இதைக் கேளு. ஒருத்தன் பொய் சொல்லி மங்களம் வீட்டுக்குள்ள நுழைய வந்திருக்கான்னு வெச்சுக்கோ. லாரியிலேர்ந்து விழுந்தேன், மண்டையில அடின்னு கதை சொல்றவன், அந்த அடியில நாக்கும் செத்துப்போச்சுன்னு ஊருக்கே டமாரம் அடிக்க மாட்டானா? கதைக்கு எவ்வளவு தோதான விஷயம்! இவன் அதைத்தான் மறைக்கிறான். தனக்கு உதவறதை மறைக்கிற ஏமாத்துக்காரனை என் சர்வீஸ்ல பார்த்ததில்லை."

"அப்போ சாம்பார்..."

"உன் மூஞ்சியைப் பார்த்துட்டுத்தான் சூப்பர்னான். நீ துப்பியிருந்தா அவனும் துப்பியிருப்பான்." பெருமாள்சாமி தினேஷ் பக்கம் திரும்பினார். இன்னொன்று இப்போது உறுத்தியது. "தம்பி, வந்ததும் சாம்பார்க் கிண்ணத்தை அந்தப் பக்கம் தள்ளினியே. ஏன்?"

"பழக்கம் சார். சின்னதுலேர்ந்து. இட்லி வந்தா கிண்ணம் எதிர்ப்பக்கம் போயிடும், கை தானாத் தள்ளும். மெஸ்லகூடக் கிண்டல் பண்ணுவாங்க." அவன் தயங்கினான். "இங்க வர்றப்போ என் கிண்ணத்தை அக்கா எடுத்துக்கும். ஏன்னு நெனப்பு இல்லை. அதுக்கு சாம்பார்னா உசுருன்னு நினைச்சுப்பேன்."

அவனுக்கு எதிரே ஹெல்மெட் உட்கார்ந்திருந்தது.

"கவி, மங்களத்துக்குப் போன் போடு. எடுக்கிறவரைக்கும் அடிக்கட்டும்."

கவியரசன் அசையவில்லை. அவன் முகம் போன போக்கைப் பார்த்ததுமே பெருமாள்சாமிக்குப் புரிந்துவிட்டது.

"அவன் ரெண்டாவது தடவை சாம்பார் வாங்கினான் இல்லையா சார்... அப்பவே, மேஜைக்கு அடியில... மிஸ்டு கால் குடுத்துட்டேன்."

"அடப்பாவி!"

ஃபேமிலி ரூம் அரைக்கதவைத் தள்ளினால் காலி நாற்காலி. தொடாத தண்ணீர் டம்ளர். "அம்மா ஆகலே ஹோதரு சார், அப்பவே போயிட்டாங்க, பின்வாசல் வழியா," என்றார் கிருஷ்ணப்பா, கையைப் பின்பக்கம் காட்டி. செல்லுக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப்.

"இவனைப் பார்த்துக்கோ. நகர விடாதே," என்று கத்திவிட்டுப் பெருமாள்சாமி ஓடினார். பூக்கடை, காய்கறி வண்டி, நடுரோட்டில் படுத்திருந்த ஒரு மாடு, எல்லாவற்றையும் தாண்டி அந்த வயதில் அவர் ஓடியதை அல்சூர் வேடிக்கை பார்த்தது. பீன்யா பக்கம் போகிற பஸ், ஸ்டாப்பை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. போச்சு, என்று நினைத்தார்.

பஸ் போன பிறகு பார்த்தால், மங்களம் ஸ்டாப்பிலேயே நின்றிருந்தாள். கையில் டிக்கெட்டுக்குச் சில்லறை.

"ஏறலையாம்மா?" மூச்சு வாங்கியது அவருக்கு.

"ஏறணும்னு தோணலை சார். ஏறக்கூடாதுன்னும் தோணலை. நின்னேன்."

பெருமாள்சாமி நடந்ததைச் சொன்னார். உப்புக் காபியைச் சொன்னார், செத்துப்போன நாக்கைச் சொன்னார், தன்னுடையதையும் சேர்த்துச் சொன்னார். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முகத்தில் எதுவும் ஏறவில்லை.

"ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும்," என்றார். "தம்பி சாம்பாரைத் துப்புவான்னு சொன்னீங்க. துப்பினதுக்கு அப்புறம் என்ன ஆகும்?"

"ஒரே ஒரு தடவைதான் துப்பினான் சார். அப்பா ஓட்டல்லியே அறைஞ்சுட்டாரு. காசு குடுத்து வாங்கினதை வீணாக்கறியான்னு. அதுக்கப்புறம் அவர் கை கழுவப் போறப்போ அவன் கிண்ணத்தை என் பக்கம் இழுத்து, அவனுதையும் நானே குடிச்சிடுவேன்."

"உங்களுக்கு சாம்பார்னா உசுரோ?"

"எனக்கா? வாந்தி வரும் சார். மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் குடிப்பேன்."

"இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"யாருக்குச் சொல்ல? எங்க அம்மாவுக்கே தெரியாது."

"அவன் இன்னிக்கு இட்லி வந்ததும் கிண்ணத்தைத் தள்ளினாம்மா. எதிர்ல இருந்த காலி நாற்காலி பக்கம். ஏன் தள்றோம்னு அவனுக்கே தெரியலை."

மங்களத்தின் கையிலிருந்த சில்லறை கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"நான் அவனுக்கு எதிர்லதான் உக்காருவேன்," என்றாள். பிறகு, அதே மரத்த குரலில், "இப்பவும் எனக்கு ஒண்ணும் தோணலையே சார். சொந்தத் தம்பின்னா ஏதாவது தோணணும் இல்லையா?" என்று கேட்டாள்.

"ரெண்டு வருஷமா எனக்கும் எதுவும் தோணறதில்லைம்மா. அந்த சாம்பார் எனக்கு வெறும் தண்ணி. அதுக்காக அதுல வெல்லம் இல்லைன்னு ஆயிடுமா? வாங்க. வந்து உக்காருங்க, போதும்."

அவள் வந்தாள். கவியரசன் அவளைக் கண்டதும் ஹெல்மெட்டை வாரிக்கொண்டு எழுந்தான், ஒரு ஜோக்கும் சொல்லாமல். மங்களம் தினேஷுக்கு எதிரே உட்கார்ந்தாள். இருவரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணப்பா எதையும் கேட்காமல் இரண்டு பிளேட் இட்லி கொண்டுவந்து வைத்தார், பக்கத்தில் இரண்டு சாம்பார்க் கிண்ணம்.

தினேஷின் கை தானாக நகர்ந்தது. கிண்ணம் மேஜையைக் கடந்து எதிர்ப்பக்கம் போயிற்று. இந்தத் தடவை அவன் அதைத் திரும்ப இழுக்கவில்லை.

மங்களம் கிண்ணத்தையே பார்த்தாள். எடுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தாள்.

தினேஷ் அவள் முகத்தைப் பார்த்தான். பன்னிரண்டு வருடமாக முதல் வாய் வைக்கிற முகங்களைப் பார்த்தே பிழைத்தவன். அவள் மூக்கு சுருங்கியதும், உதடு ஒரு பக்கம் கோணியதும், தொண்டை அதை உள்ளே தள்ளக் கஷ்டப்பட்டதும் அவன் கண்ணுக்குத் தப்பவில்லை.

"அக்கா," என்றான் மெதுவாக. "உனக்கு சாம்பார் பிடிக்காதா?"

"என்னிக்குடா பிடிச்சிருக்கு எனக்கு?" என்றாள் மங்களம்.

சொல்லும்போதே அவள் முகம் உடைந்தது. ஓட்டல் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஒரு சத்தம் வந்தது அவளிடமிருந்து. அப்புறம் அழுகை நிற்கவில்லை. தினேஷ் மேஜையைச் சுற்றி ஓடிவந்து அவள் காலடியில் உட்கார்ந்து, அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டான். கவியரசன் சுவரில் தொங்கிய காலண்டரைப் படிப்பதுபோல நின்றான். எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் பெருமாள்சாமி தன் முகத்தைப் பார்த்தார், கண் கலங்கியிருந்தது. உப்புக் காபியாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார், நம்ப முடியவில்லை.

"குடிக்காதேக்கா, விடு," என்றான் தினேஷ். "இப்போ எனக்கு ஒண்ணும் தெரியாது. நானே குடிச்சுடறேன்."

"சும்மா இருடா. உனக்கு அது ஆகாது," என்று சொல்லிவிட்டு, மங்களம் அழுதுகொண்டே அவன் கிண்ணத்தைக் காலி செய்தாள்.